வாசற்படியில் ஒரு கேள்வி

என்னிடம் படித்த பையன் ஒருவன் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தான். பையன் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். இப்போது அவன் மனைவியும் குழந்தையும் உள்ள கிருகஸ்தன். மதுரையில் உத்தியோகம் கிடைத்திருக்கிறதாம். "நகரத்தின் நடுவில் ஜாகை பார்க்கலாமா, அல்லது தாங்கள் இருக்கும் பரவை போன்ற இடத்தில் பார்க்கலாமா? ஒரு வரியில் பதில் எழுதினால் போதும்" என்று கேட்டிருந்தான்.

பெண் பார்ப்பதற்கும் வீடு பார்ப்பதற்கும் ஒரு வரியில் யோசனை சொல்லத் துணிகிறவர் பெரிய தீரராக இருக்கவேண்டும். நான் அப்படிப்பட்டவன் அல்ல. ஆகவே பதில் ஒரு பக்கமாக நீண்டது. அதில் ஒரு பகுதி அவனைவிட நம் வாசகர்களுக்கே அதிகம் பொருந்தும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

பிழைப்புத் தேடி மதுரைக்குக் குடிவந்தவர்களில் நாம் எல்லோரும் அறிந்த முதல் மனிதன் கோவலன். அவனுக்கு விளைந்த கதி நமக்கு வேண்டாம். ஆனால் அவன் செய்த ஒரு காரியம் புத்திசாலித்தனமானது. கண்ணகியைக் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, தான் மட்டும் உள்ளே போய், வீதி வீதியாக ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வீடு பார்க்கும் முன் ஊர் பார்க்கவேண்டும் என்பதே அதன் சாரம். இந்தக் காலத்தில் நாம் கைப்பேசியில் படுக்கையறையின் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடுகிறோம். தெருவைப் படத்தில் காண முடியாது.

மதுரையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆடி வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தாமரை இதழ்போல் வீதிகள் விரிகின்றன. இவற்றில் ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருப்பது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் உண்டாயின. அன்று முதல் நகரம் வெளியே நடக்கத் தொடங்கி இன்னும் நின்றபாடில்லை. 2011-ல் மாநகராட்சி நூறு வார்டுகளாக விரிந்தபோது விளாங்குடி உள்ளே சேர்ந்தது. அதை அடுத்துத் திண்டுக்கல் சாலையில் இருக்கும் எங்கள் பரவை, அந்த விஸ்தரிப்பில் சேராமல் பேரூராட்சியாகவே வெளியே நின்றது.

நடுநகரத்தில் கோயில், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம். ஆனால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தனியாகக் குடிக்கூலி கொடுக்க வேண்டியிருக்கும். பரவையில் காற்று உண்டு; கண்மாய்ப் பக்கம் பறவைகளும் உண்டு. ஆனால் நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவர் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்பவேண்டும். காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகள் விடியுமுன்பே சாலையை எழுப்பிவிடும். எனவே காலை பத்து மணிக்கு ஊரைப் பார்த்து முடிவு செய்யாதே என்று அவனுக்கு எழுதினேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு முறை பார். இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை பார். பஸ்ஸை விட்டு இறங்கி உன் மனைவி அந்த நேரத்தில் தனியே வீடு வரை நடப்பாளா என்று எண்ணிப் பார். தூரத்தை ஆபீஸிலிருந்து அளக்காதே. வீட்டில் யார் அதிகம் நடக்கவேண்டியிருக்கிறதோ, அவருடைய காலால் அள.

அடுத்தது தண்ணீர். குடிக்கும் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பா நல்லதா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்பது உத்தமம். ஆனால் வராத தண்ணீரைப்பற்றி விசாரிக்கிற நாம், வருகிற தண்ணீரைப்பற்றி விசாரிப்பதில்லை. மதுரை கண்மாய்களின் பூமி. குளம், ஏந்தல், ஏரி, ஊருணி என்று முடியும் பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. முன்னே அங்கே தண்ணீர் நின்றது என்பதற்கு அவை சாட்சி. மனிதர்கள் மறந்துபோனாலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறப்பதில்லை. 2024 அக்டோபரில் சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கத்து வீடுகளில் வெள்ளம் புகுந்ததை ஊரே பார்த்தது. எனவே ஐப்பசி மழையில் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்று கேள். பழைய வீடுகளின் சுவரில் ஈரத்தின் கறை இருக்கும். அது பொய் சொல்லாது.

மூன்றாவது, எழுத்து. வாய்ப்பேச்சில் குடிபுகாதே. 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும்; அதைப் பதிவும் செய்யவேண்டும். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் முன்பணத்தைப்பற்றிப் பேசும் அந்தச் சட்டம், வாசற்படியில் கேட்கப்படும் ஒரு கேள்வியைப்பற்றிப் பேசவில்லை. நான் சொல்ல வந்தது அந்தக் கேள்வியைப்பற்றித்தான்.

பதினான்கு வருஷங்களுக்கு முன் நானும் மற்றோர் ஆசிரியரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே சம்பளம். நான் நகரத்துக்குள் ஒரு தெருவில் வீடு கேட்கப் போனேன். வீட்டுக்காரர் மிக மரியாதையானவர். மோர் கொடுத்தார். எத்தனை பேர், எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, "தப்பாக நினைக்கக் கூடாது, ஸார், நீங்கள் என்ன ஆட்கள்?" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. அதுதான் என் தப்பு. கேட்டதற்குப் பதில் சொன்னேன். சாவி கைக்கு வந்தது.

மாடி காலியாக இருந்தது. சந்தோஷமாக நண்பரிடம் சொல்லி அனுப்பினேன். அவரும் போனார். அவருக்கும் மோர் கிடைத்ததா என்று தெரியாது, கேள்வி கிடைத்தது. அவரும் உண்மையைத்தான் சொன்னார். "மாடியை உறவினர் ஒருவருக்குச் சொல்லிவிட்டோம், மறந்துபோயிற்று" என்று பதில் வந்தது. அந்த உறவினர் வரவேயில்லை. 'வீடு வாடகைக்கு' என்ற பலகை மேலும் இரண்டு மாதம் தொங்கிற்று. தினந்தோறும் அதன் கீழேதான் நான் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளுக்குச் சமத்துவம்பற்றிக் கட்டுரை எழுதவும் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என் ஜாகைக்கு ஆபத்து வருமோ என்ற பயம்.

நண்பர் என்னிடம் கோபிக்கவில்லை. மூன்று மாதம் உறவினர் வீட்டுத் திண்ணையில் பெட்டியை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, "ஸார், அந்தப் பலகையை எடுத்துவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தேநீர் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

கடைசியில் அவருக்குப் பரவையில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர். அவரும் சும்மா விடவில்லை. மூன்று கேள்விகள் கேட்டாராம். "நான் நாலு மணிக்கு எழுந்து இருமுவேன், பரவாயில்லையா? தண்ணீர்த் தொட்டியை மாதம் ஒரு தரம் யார் கழுவுவது? வாடகை ஐந்தாம் தேதிக்குள் வருமா?" இவ்வளவுதான். நான் பிற்பாடு பரவைக்கு வந்தது அந்த நண்பர் சொல்லித்தான். இந்த ஊர்த் தெருக்கள் எல்லாம் அந்தக் கிழவரைப்போல என்று நான் சாதிக்க வரவில்லை. எந்த ஊரும் அப்படி இல்லை. ஆனால் ஒரு தெரு எப்படிப்பட்டது என்பதை, அது புதிதாக வருகிறவனிடம் முதலில் எதைக் கேட்கிறது என்பதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

1939 ஜூலை 8-ஆம் தேதி, அ. வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தோழர்களுடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். அம்மன் வாசலில் எழுந்த கேள்விக்கு மதுரை அன்றே விடை சொல்லிவிட்டது. அதே ஊரில் மாடிப்படி வாசலில் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறோமே, அம்மனைவிட நமக்கு ஆசாரம் அதிகமா?

கோவலன் கதையை முடிக்காமல் விட்டேன். அவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால் பெரிய வணிகர்கள் தங்கள் மாளிகையில் இடம் கொடுப்பார்கள் என்று கவுந்தியடிகளுக்குத் தெரியும். ஆனால் அன்று மாலை அந்த இருவருக்கும் வீடு கொடுத்தவள் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டி. பெயரைக் கேட்டு இடம் கொடுப்பது ஒரு மதுரை. ஆளைப் பார்த்து இடம் கொடுப்பது மற்றொரு மதுரை. இரண்டும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

பையனுக்குக் கடைசியாக இப்படி எழுதினேன்: "நீ எங்கே வேண்டுமானாலும் வீடு பார். அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டால், 'வாடகையைத் தவறாமல் கொடுக்கிற ஆள்' என்று பதில் சொல். வீடு கிடைக்காமல் போகலாம். போனால், பரவையில் என் வீட்டு முன்னறை இருக்கிறது. ஒரு மாதம் இருந்து தேடு."

வீடு வாடகைக்கு விடுகிற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பலகை மாட்டும்போது, தண்ணீர்த் தொட்டியைப்பற்றிக் கேளுங்கள்.