இரவில் கப்பல், பகலில் தீவு

விடுமுறைக் காலம் நெருங்கும்போது, மாலத்தீவுப் பயணத்திற்கென்று தனிநபர் கடன் கேட்டுப் புனே நகர வங்கிக் கிளைகளுக்கு வருவோர் உண்டு. கடன் வழங்குவது எங்கள் தொழில். வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆயினும் மாலத்தீவு அமைந்துள்ள அதே கடலடி மலைத்தொடரின் வடமுனை நம் நாட்டிலேயே இருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். அதுவே இலட்சத்தீவுகள். 36 தீவுகள், மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை இவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதைத் தமிழர்களுள் பலர் அறியார்.

புனேயிலிருந்து எர்ணாகுளத்திற்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து அகத்திக்கு விமானத்திலும் செல்லலாம். எனினும் கப்பலே சிறந்தது என்பது எங்கள் கருத்து. கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து ஏறத்தாழ 14 முதல் 18 மணி நேரம் ஆகும். இலட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் ‘சமுத்திரம்’ என்னும் ஐந்து நாள் திட்டத்தில் இரவெல்லாம் கப்பல் ஓடும். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் எனத் தீவுக்கு ஒன்றாக இறங்கலாம். உறக்கம் கப்பலிலேயே. பவளப்பாறைகளைத் தாண்டிப் பெரிய கப்பல் செல்ல இயலாத இடங்களில் வெளியே நங்கூரமிட, சிறு படகுகள் வந்து பயணிகளை ஏற்றிச் செல்லும். அலையில் ஆடும் படகில் கால் வைப்பது முதியோருக்கு எளிதன்று. இதை முன்பே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மினிக்காயில் 1885-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. அங்குப் பேசப்படும் மஹல் மொழி மாலத்தீவு மொழியின் உறவு. நம் வீட்டுச் சமையலறைகள் அறிந்த மாசிக் கருவாடும் அங்கு உருவாகும் பண்டமே.

இத்தனை புகழ்ந்தபின் ஒன்றை வலியுறுத்தியாக வேண்டும். அந்தக் கப்பல் சுற்றுலாவுக்கென்றே மிதக்கும் விடுதி அன்று. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழும் தீவுகளுக்கு அதுவே பேருந்து. கொச்சி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் கல்லூரி மாணவரும் அதில்தான் வருவர். ஆகவே, பயணிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களை அரசுத் திட்டத்தின் வழியே பெறுவதே முறை. எவர் வழியாகவேனும் ஓர் இடம் பிடித்துவிடலாம் என முயல்வது தகாது. தண்ணீரும் அவ்வாறே. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் அமைத்த நிலையம், ஆழ்கடலின் குளிர்ந்த நீரின் துணையுடன் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் நன்னீர் தருவதற்கென வடிவமைக்கப்பட்டது. நகர்ப்புற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றே அந்த அளவைச் செலவழித்துவிடும். தீவுகளுக்கு மேலும் மேலும் விடுதிகள் வேண்டும் என்போர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

நுழைவு அனுமதி கட்டாயம். பருவமழை மாதங்களில் பயணத்திட்டம் இராது. அக்டோபர் முதல் மே தொடக்கம் வரையே ஏற்ற காலம். இவ்வாண்டு தொடர்வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால், அடுத்த ஆண்டுச் செலவுக்குக் கடன் தேவைப்படாது. கிளை மேலாளர் சற்றே வருந்தலாம்.