காது கேளாத நாய் சொன்ன வேதம்

ராஜபாளையத்தில் ஒரு தோட்டத்து வாசலில் நின்றேன். உள்ளே வெள்ளை வெளேர் என்று ஒரு நாய் படுத்து இருந்தது. கதவைத் தட்டினேன். திரும்பவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அப்போதும் அசையவில்லை.

"அதுக்குக் காது கேக்காது, தம்பி" என்றார், தோட்டத்துப் பெரியவர்.

ராஜபாளையம் நாயை அறியாதவர் உண்டா? பால் வெள்ளை உடம்பு. ரோஜா நிற மூக்கு. காட்டுப் பன்றியையும் எதிர்த்து நிற்கும் துணிச்சல். 2005-ம் ஆண்டு தபால் இலாகா நாய்களுக்காக வெளியிட்ட 4 தபால் தலைகளில் ஒன்று இதற்குத்தான்!

ஆனால் அந்த வெள்ளையிலேயே ஒரு வினை இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிர் அணுக்கள் காதின் உள்ளேயும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். நிறம் கெடக்கூடாது என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் குறை பெருகும். செவிட்டுக் குட்டியை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் பாளையங்கோட்டையில் படித்தபோது, நண்பர்களோடு போய்ப் பல பிரசங்கங்கள் கேட்டு இருக்கிறேன். ஆடு, நாய் பற்றிப் பேச்சு வந்தால், "எஜமான் குரலுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்றுதான் முடியும். மேய்ப்பனின் குரலை ஆடு அறியும் என்று யோவான் சுவிசேஷத்தில் வருகிறது. கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை பார்த்தவர்களுக்கு அது புதிது அல்ல.

சரி. குரலே கேட்காத பிராணி என்ன செய்யும்?

பெரியவர் நாயின் முன்னால் போய்க் கையைத் தூக்கினார். துள்ளி எழுந்தது. கையைத் தாழ்த்தினார். உட்கார்ந்தது. பிறகு தோட்டத்தைச் சுற்றி நடந்தோம். நாலு அடிக்கு ஒரு தரம் அது திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது.

"மத்த நாய் கூப்பிட்டா வரும். இது என்னைப் பாத்துக்கிட்டே இருக்கும். இருட்டுல மட்டும் காலால தரையைத் தட்டுவேன். எந்திரிச்சிரும்" என்றார்.

"எவ்வளவோ ஜெபம் செய்தேன். கடவுள் ஒரு வார்த்தை பேசவில்லை" என்று மனம் ஒடிந்து போகிறவர்கள் உண்டு. இந்த நாய் பிறந்தது முதல் ஒரு வார்த்தை கேட்டது இல்லை. பார்ப்பதை நிறுத்தவும் இல்லை. விசுவாசம் என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கொசுறுக் குருவி

ஆனால் நாயை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயம் அல்ல. அதை வைத்துச் சோறு போட்ட கையும் இருக்கிறதே!

பைபிளில் குருவி வியாபாரம் வருகிறது. மத்தேயு கணக்கில் ஒரு காசுக்கு 2 குருவி. லூக்கா கணக்கில் 2 காசுக்கு 5 குருவி. அப்படியானால் ஐந்தாவது குருவி? கொசுறு! கத்தரிக்காய்க்காரி கிள்ளிப் போடும் கறிவேப்பிலை மாதிரி. விலையே இல்லாத அந்தக் குருவியையும் கடவுள் மறப்பது இல்லை என்கிறார், ஏசு. செவிட்டுக் குட்டியும் கொசுறுக் குருவிதான்.

முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை அடிவாரத்துக்குப் போய் இருந்தேன். சாம்பல் நிறப் பெரிய அணிலுக்காக 1988-ம் ஆண்டு அங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அந்தக் காடு புலிகள் காப்பகமும் ஆயிற்று. தென் இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்த அணில் வேறு எங்கும் கிடையாது. தரையில் இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே பிழைக்கிறது. விதைக்காத, அறுக்காத பறவைக்கும் கடவுள் உணவு தருகிறார் என்பார்கள். தருகிறார். ஆனால் கிளையோடு கிளை கோர்த்து நின்றால்தானே அந்த உணவு அணிலுக்கு எட்டும்? மரத்தை வெட்டிவிட்டு, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது பக்தி அல்ல. சாமர்த்தியம்!

நான் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு காரில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

"குட்டி இருக்கா, ஐயா? சுத்த வெள்ளையா வேணும்."

"இருக்கு. பின்னால நின்னு கை தட்டிப் பாத்து எடுங்க" என்றார், பெரியவர்.

"திரும்பாட்டி?"

"திரும்பாததை இங்கேயே விட்டுட்டுப் போங்க. நான் வச்சுக்கிடுதேன்."