ஏதிலியர் துயரை விளையாட்டிலே உணர்த்துவோம்!

மேல்பட்டாம்பாக்கத்தில், பெண்ணையாற்று மணலில், ஒரு மாலைப்பொழுது சிறுவர் சிலர் ஓடியாடிக்கொண்டிருந்தனர். கிழிந்த சட்டையோடு வந்த ஒருவனை மற்றொருவன், "டேய், அகதி!" என்று விளித்தான். எல்லாரும் சிரித்தனர், விளிக்கப்பெற்றவனும் சிரித்தான். நமக்கோ நெஞ்சு சுட்டது. அகதி என்பது வடசொல். ஏதிலி என்பதே நம் சொல். ஆயினும், சொல்லை மாற்றிய அளவிலேயே இழிவு நீங்கிவிடாது. அச்சொல்லுக்கு உரியவர் யாவர், ஏன் வந்தனர் என்று அச்சிறுவர்க்கு எவரும் சொல்லவில்லை. குற்றம் அவர்களதன்று, நமதேயாம்.

மண்டபம் ஏதிலியர் குடியிருப்பு, ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்குக் கூலிகளாய்ச் சென்ற தமிழரைத் தங்கவைத்து ஆய்ந்தனுப்பிய இடமாகும். அம்மக்களின் வழிவந்தோரே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோவும் சாத்திரியும் செய்த உடன்பாடு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவர்களை ஒரு சொல்லும் கேட்டாரில்லை! 1983 சூலைக் கொலைவெறிக்குப் பின்னர்த் தலைமன்னார்க் கரையிலிருந்து 18 கல் தொலைவுக் கடலைப் படகில் கடந்து வந்தோர், பல அலைகளாய், மூன்று நூறாயிரத்துக்கும் மேற்பட்டோராவர்.

இவ்வரலாற்றை எழுதிப்போட்டு நெட்டுருச் செய்யச் சொன்னால், சிறுவன் எண்களை ஒப்பிப்பான்; துயரை உணரான். ஆகவே, விளையாட்டைக் கருவியாக்குக என்கின்றோம். கடலின் இரு கரையிலும் தமிழ்ச் சிறுவர் ஆடிய கிளித்தட்டே இதற்குப் போதும். கோட்டுக்குக் கோடு காவல் நிற்க, அகப்படாமல் கடக்கும் ஆட்டமன்றோ அது?

நால்வர் ஒரு குடும்பமாகக் கைகோத்து ஓடுக. ஒருவன் பாட்டி; அவன் நடக்கத்தான் வேண்டும். முதற்கோட்டில், நூறு எண்ணுவதற்குள் பத்துப் பொருள்களில் மூன்றை மட்டும் எடுக்க வேண்டும்: அரிசியா, மருந்தா, பிறப்புச் சான்றா, தங்கையின் பாவையா? இரண்டாங்கோடு இரவுக் காவல். மூன்றாவது கடல்: நால்வர் நிற்கத்தக்க வட்டத்துள் எண்மர் நிற்க வேண்டும். நான்காவது கரை: சான்றை விட்டு வந்த குடும்பம் காத்துக் கிடக்கும். ஈற்றில் ஒரு கட்டம். அதனுள் நுழைந்தோர் வென்றோம் என்று ஆர்ப்பரிப்பர். அப்போது ஆசிரியர் சொல்லுக: "ஆட்டம் முடியவில்லை, நான் அழைக்குமளவும் வெளியே வரலாகாது." மற்றையோர் வீடு செல்வதைப் பார்த்துக்கொண்டு ஐந்து மணித்துளி அமர்ந்திருக்கட்டும். இவ்வாட்டத்தின் உயிர் அந்த ஐந்து மணித்துளியே.

ஏனெனில், உண்மையில் அக்கட்டம் இன்னும் திறக்கப்படவில்லை. 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு' என்று பெயர் மாற்றியது; நன்றே. ஆனால், இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தோருள்ளும் மிகப் பலர்க்குக் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் ஈழத்தமிழரைப் புறத்தே நிறுத்தியது.

"பிறர் கண்ணீர் உமக்கு விளையாட்டா?" என்று சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆதலின் இரண்டு வரம்புகள் வேண்டும். துயர்ப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை முன்னிறுத்திக் காட்சிப்பொருளாக்குதல் கூடாது. ஆடி முடித்தபின் அமர்ந்து பேசாமல் கலைதலும் கூடாது. இவ்விரண்டையும் காத்தால், சிரிப்போடு தொடங்கும் ஆட்டம் சிந்தனையில் முடியும். விளையாட்டு என்பது கேலியன்று. உடலாற் கற்கும் கல்வி.

நம் பக்கத்துக்கு இது புதிதுமன்று. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்த பின்னர், சுரங்கத்துக்காக வீடும் வயலும் விட்டுப் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் நம் பள்ளிகளில் பயில்கின்றனர். கடல் கடந்த துயரோடு அதனை ஒப்பிடுதல் தகாது. எனினும், வேரறுதல் இன்னதென்று அவ்வீட்டுப் பாட்டிமார் அறிவர். அவர்களைக் கேட்டுவரச் சொல்லுக!

தமிழாசிரியர்காள்! ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். திடலில் நான்கு கோடு கிழித்தால் போதும், காசு வேண்டா. கட்டத்துள் ஐந்து மணித்துளி அமர்ந்து எழுந்த சிறுவன், இனி எவனையும் அச்சொல்லால் விளித்துச் சிரியான். அதுவே நம் முதல் வெற்றி.