குதிரைக்குத் தள்ளிவிட்ட கொள்ளு

அதிரம்பாக்கம் கற்கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்று சொல்லி வெளியூர்க்காரர்களை வாய்பிளக்க வைப்பதில் சோழவரம் வட்டாரத்து ஆட்களான நமக்குத் தனிப் பெருமை. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே வந்த கதையும் அத்துப்படி. அதே ஃபூட் பின்னாளில் பெல்லாரிப் பக்கம் புதிய கற்கால ஊர்களைத் தேடிப் பதிவுசெய்தார். அந்த வட்டாரத்துச் சங்கனகல்லில், பிற்கால ஆய்வாளர்கள் மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கவிட்டபோது கருகிய கொள்ளு மேலே வந்தது. 3,500 ஆண்டுக்கும் மேல் பழையது. கல்லை மெச்சிய நாம் இந்தப் பயறைக் கண்டுகொள்ளவே இல்லை.

சங்கப் புலவர் மாங்குடி கிழார் கண்டுகொண்டார். புறநானூறு 335இல் வரகு, தினை, அவரையோடு கொள்ளையும் வைத்து, இந்த நான்கைத் தவிர வேறு உணவில்லை என்கிறார். அரிசிக்கு அந்த நான்கில் இடமில்லை. செங்குன்றத்து அரிசி மில்களின் தவிட்டு வாசனையில் வளர்ந்த நமக்கு இது உறைக்க வேண்டும்.

கொள்ளு அதிகம் கேட்காத பயிர். புரட்டாசி ஈரத்தில் கொல்லையில் விதைத்துவிட்டால் மழை நின்ற பிறகும் பனியிலேயே காய்க்கும். வேர் முடிச்சில் தழைச்சத்தை மண்ணுக்கே சேர்க்கும். காய்ந்த செடியை வேரோடு பிடுங்கி ரோட்டில் பரப்பினால், லாரிச் சக்கரம் ஏறி நெற்று வெடிக்கும். தூற்றியபின் மிஞ்சும் பொட்டு மாட்டுக்கு. இவ்வளவு தந்ததைக் குதிரைத் தீனி என்று தள்ளினோம். விருந்தாளி வந்தால் கொள்ளு ரசத்தை மறைத்து சாம்பார் வைத்தோம். கொல்லையை மனைக்கும் குடோனுக்கும் விற்றோம். விற்காத நிலத்தையும், விலை ஏறட்டும் என்று சீமைக்கருவேலத்துக்கு விட்டுவைத்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைக் குறை சொல்வது சுலபம். பானையில் சாம்பல் கலந்து வைத்திருந்த விதையைக் கைவிட்டது எந்தக் கம்பெனியும் அல்ல, நாம்தான். இன்று உடம்பு இளைக்க அதையே பாக்கெட் பொடியாக வாங்குகிறோம்.

ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கிடைக்கிறது. கொள்ளும் கொடுங்கள் என்று நாம் கேட்டதில்லை. அக்டோபர் 2 கிராம சபை, சரியாகப் புரட்டாசியில் வருகிறது. தரிசாகக் கிடக்கும் கொல்லைகளில் கொள்ளு விதைக்க விதை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள்.