வட்டத்தில் இடமில்லாத பெண்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு உலகப் புராணக் கதைகளை நடத்தச் சொல்லிப் பள்ளியில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தலைப்பு, 'நாயகனின் பயணம்'. கீழே ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டங்கள். நாயகன் வீட்டில் இருக்கிறான். அழைப்பு வருகிறது. முதலில் மறுக்கிறான், பிறகு கிளம்புகிறான். சோதனைகளை வென்று பரிசோடு திரும்புகிறான். எந்த நாட்டுக் கதையும் இதற்குள் அடங்கும் என்றது ஆசிரியர் கையேடு.

ஒடிசியில் தொடங்கினேன். பிள்ளைகள் மளமளவென்று கட்டங்களை நிரப்பினார்கள். ஒருத்தி மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், பெனலொப்பிய எந்தக் கட்டத்துல எழுதறது?"

கையேட்டைப் புரட்டினேன். அவள் பெயர் இருந்தது. 'பரிசு' என்ற கட்டத்தில்.

இருபது ஆண்டுகள் ஒரு வீட்டைக் காப்பாற்றியவள், பகலில் நெய்ததை இரவில் பிரித்து 108 ஆண்களை ஏமாற்றியவள், கடைசியில் கணவனுக்குக் கிடைத்த பொருளாகிவிட்டாள். இதைத்தான் மனித குலத்தின் பொதுக்கதை என்று நாம் கற்பிக்கிறோம்.

இந்த வட்டம் ஆதிகாலத்திலிருந்து வந்ததல்ல. 1949இல் ஜோசப் காம்ப்பெல் என்ற அமெரிக்கர் எழுதிய நூலிலிருந்து வந்தது. அவர் சொன்ன பதினேழு படிகளை ஹாலிவுட்டில் கதை ஆலோசகராக இருந்த கிறிஸ்டோபர் வோக்லர் பிற்காலத்தில் பன்னிரண்டாகச் சுருக்கினார். திரைக்கதை எழுதுவோருக்கான அந்தக் குறிப்புதான் இன்று பள்ளிக்கூடத்துக்குள் உலக உண்மையாக நுழைந்திருக்கிறது. காம்ப்பெலின் படிகளில் பெண்ணுக்கென்றே இரண்டு உண்டு. ஒன்றில் அவள் நாயகன் சந்திக்கும் தெய்வம், இன்னொன்றில் அவனை மயக்குபவள். இத்தனைக்கும் அவர் 1934 முதல் 1972 வரை பாடம் நடத்திய சாரா லாரன்ஸ் கல்லூரி, அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி பெண்கள் கல்லூரியாக இருந்தது. பெண்ணின் பயணம் எது என்று மோரீன் மர்டாக் 1981இல் அவரிடம் கேட்டார். பெண் பயணம் போகத் தேவையில்லை, எல்லாரும் போய்ச் சேர விரும்பும் இடமே அவள்தான் என்ற பொருளில் பதில் வந்தது. அந்தப் பதில் போதாமல் மர்டாக் பெண்ணின் பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதி 1990இல் வெளியிட்டார். எங்கள் கையேட்டில் அவர் பெயர்கூட இல்லை.

இடத்துக்குப் பசிக்காது, கோபம் வராது. இடத்தைக் கேள்வி கேட்க வேண்டியதும் இல்லை.

அடுத்த வகுப்பில், எங்கள் சுருக்கப் பதிப்பில் விடுபட்டிருந்த ஒரு பகுதியைச் சொன்னேன். பெனலொப்பியை மணக்க வந்து வீட்டை ஆக்கிரமித்த ஆண்களிடம், என் அடிமைப் பெண்களைப் பலவந்தமாகப் படுக்கைக்கு இழுத்தீர்கள் என்று ஒடிசியஸே குற்றம் சாட்டுகிறான். அவர்களைக் கொன்று முடித்ததும், அதே பெண்களில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுப் பிணங்களைத் தூக்க வைக்கிறான், இரத்தத்தைக் கழுவ வைக்கிறான். பிறகு அவன் மகன் டெலிமாக்கஸ் அவர்களைக் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். கலிப்ஸோவோடு ஏழு ஆண்டும் சர்ஸியோடு ஓர் ஆண்டும் இருந்தவனுக்கு அது பயணம். இந்தப் பெண்களுக்கு அதுவே மரண தண்டனை.

ஒரு பெற்றோர் புகார் செய்தார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" 108 ஆண்களைக் கொல்லும் காட்சி அதே புத்தகத்தில் வண்ணப்படத்தோடு இருக்கிறது. அது அந்த வயதுக்கு ஏற்றது. அந்த வெற்றிக்குப் பின் யாரைக் கொன்றார்கள் என்பது மட்டும் ஏற்றதில்லை.

அப்படியானால் வட்டத்தில் ஒரு பெண்ணை வையுங்கள், வாளைக் கொடுங்கள், கணக்கு நேராகிவிடும் என்கிறார்கள். ஆகாது. சுமேரியரின் இனன்னா கதையைப் பாருங்கள். அவள் பாதாளத்தின் ஏழு வாயில்களில் தன் அணிகளையும் உடையையும் ஒவ்வொன்றாக இழந்து, பிணமாகக் கொக்கியில் தொங்குகிறாள். அவள் மீண்டு வருவது, மேலே இருந்த நின்ஷுபூர் என்ற பெண் அழுது, மூன்று தெய்வங்களின் வாசலில் நின்று மன்றாடியதால்தான். வட்டத்தில் அவளுக்குக் கிடைப்பது 'உதவியாளர்' என்ற ஒற்றைச் சொல். நாயகனை மாற்றி நாயகியை வைத்தாலும், பின்னால் நின்று உழைப்பவளை வட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

இதே பிள்ளைகள் அடுத்த பீரியடில் பாலைத் திணை படிக்கிறார்கள். பொருள் தேடித் தலைவன் சுரம் கடந்து போகிறான். ஆனால் பல பாட்டுகளில் பேசுவது வீட்டில் இருக்கும் தலைவியும் தோழியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெண்ணோடு கடற்பயணம் இல்லை என்றதும் தொல்காப்பியம்தான். ஆனால் அவளைப் போகவிடாத மரபுகூட, அவன் போனதால் அவளுக்கு என்ன ஆனது என்று காது கொடுத்துக் கேட்டது. வட்டம் அதையும் கேட்பதில்லை.

காம்ப்பெலை நடத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆண் ஓர் ஆண்டில் முன்வைத்த கருத்து என்று சொல்லி நடத்துங்கள். முதலில் கதையை முழுதாகச் சொல்லுங்கள், பிறகு தாளைக் கொடுங்கள். அவன் போனபோது வீட்டில் யார் உழைத்தது, அவன் திரும்பியதற்கு யார் விலை கொடுத்தது, இந்தக் கதையில் யாருக்குப் பெயர் இல்லை என்று கேட்கச் சொல்லுங்கள்.

பாடத்தின் கடைசிப் பயிற்சி, தன் வாழ்க்கையையே நாயகனின் பயணமாக எழுதுவது. பேனாவை மூடி வைத்த அதே பெண் இரண்டே கட்டங்களை நிரப்பியிருந்தாள். 'அழைப்பு: அண்ணன் படிக்கும் ஊரில் கல்லூரி. மறுப்பு: அப்பா.'

மறுப்பு நாயகனுடையதாக இருக்க வேண்டும், மற்றவருடையதாக எழுதினால் மதிப்பெண் இல்லை என்கிறது கையேடு. காலியாக இருந்த பத்துக் கட்டங்களையும் பார்த்தேன். முழு மதிப்பெண் போட்டேன். இந்த ஆண்டும் அதே தாள் வந்திருக்கிறது. மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.