ஓய்வு பெற்றவரின் ஓயாத மனம்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள், கடலூருக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால், கிழக்கு வெளுக்குமுன்னரே வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் பேருந்துக்காக நின்றிருந்தேன். நெய்வேலிக்கு முதல் ஷிப்டு செல்வோர் கையில் சாப்பாட்டுப் பையோடு அங்கே கூடியிருந்தனர். அவர்களிடையே எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் நின்றார். மழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, காலில் பூட்ஸ். பேருந்து வந்தது, எல்லோரும் ஏறினார்கள். அவர் மட்டும் ஏறவில்லை.

“என்னய்யா, பஸ்ஸை விட்டுவிட்டீர்களே?” என்றேன்.

“நான் ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு, சாமி. நாலரை மணிக்கே முழிப்பு வந்துடுது. வீட்ல படுத்திருக்க முடியல. சும்மா வந்து பார்த்துட்டுப் போவேன்” என்றார்.

அந்தச் ‘சும்மா’ என்ற சொல் அன்று முழுவதும் என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன குறை? சொந்த வீடு உண்டு, மக்கள் இருவருக்கும் திருமணம் ஆகிவிட்டது, சேமநிதிப் பணம் கைக்கு வந்துவிட்டது, உடல்நலமும் உண்டு. ஆயினும் விடியுமுன் எழுந்து, தமக்கு இடமில்லாத ஒரு பேருந்தை வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறார்.

இத்தகையோர் நம் பகுதியில் ஒருவர் இருவர் அல்லர். 1956-ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் தோன்றியது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. அன்றுமுதல் ஆயிரமாயிரம் பேர் அங்கே உழைத்து, வயது நிறைந்ததும் மாலை சூட்டப்பெற்று வெளியே வந்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் வடலூரிலும் குறிஞ்சிப்பாடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வீடு கட்டிக் குடியேறியவர்கள். ஆகவே இம்மாதம் அவர்களைப் பற்றியும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழும் உங்களைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

அழ இடமில்லாத இழப்பு

பிரிவுபசார விழாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். சால்வை, மாலை, நினைவுப் பரிசு, உடனுழைத்தோரின் பாராட்டுரை. பின்னர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார்கள். அன்றிரவு வீடு நிறைய உறவினர். மறுநாட் காலையில்? ஷிப்டு இல்லை, தேடி வருவாரும் இல்லை. ‘இன்ன வட்டம், இன்ன எண்’ என்று முப்பது ஆண்டுகளாக எழுதிவந்த முகவரியும் சில மாதங்களில் போய்விடுகிறது. நகரியத்துக் குடியிருப்பை விதிப்படி ஒப்படைத்தாக வேண்டும். வாசலில் தாம் நட்டு வளர்த்த மாமரத்தைப் பெயர்த்துக்கொண்டு வர முடியுமா? நாளின் ஒழுங்கு, தம்மை இன்னார் என்று காட்டிய பதவிப் பெயர், வாழ்ந்த இடம், உடன் உண்ட தோழர் ஆகிய நான்கையும் ஒருசேர இழக்கிறார் மனிதர்.

சாவு வீட்டில் அழுகிறவரை நாம் அழவிடுகிறோம். அருகில் அமர்ந்து தோளைத் தொடுகிறோம். இந்த இழப்பிற்கோ அழ எவரும் இடங்கொடுப்பதில்லை. “இனி உங்களுக்கு என்ன கவலை? ராஜா மாதிரி இருக்கலாமே!” என்கிறோம். அவரும், சோற்றுக்குக் குறைவில்லாத தாம் துயரப்படுவது நன்றிகெட்ட செயல் என்று எண்ணி, அதை உள்ளுக்குள் அடக்கிக்கொள்கிறார். அடங்கிய துயரம் எங்கே போகும்?

தரைக்குக் கீழே உள்ள நீர்

ஒரு வாரம் சென்று அப்பெரியவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் செய்திகளை விட்டுவிட்டேன். அவர் சுரங்கத்தில் நீரிறைக்கும் பிரிவில் பணி செய்தவர். பேச்சைத் தொடங்க வகை தெரியாமல், அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. மேல்மண்ணை அகற்ற அகற்ற அந்நீரை அமுக்கி வைத்திருந்த பாரம் குறைகிறது. ஆகவே குழாய்க் கிணறுகள் இட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் தேர்ந்த ஆசிரியரைப் போல விளக்கினார்.

“இறைக்காமல் விட்டால் என்ன ஆகும், ஐயா?”

“தரையைப் பொளந்துக்கிட்டு மேல வந்துடும், சாமி. சொரங்கமே முழுகிடும்.”

சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். முதல்நாள் மாலை, தமது பழைய வேலைப் பையை எடுத்து விளையாடிய பேரனை அடித்துவிட்டாராம். ஐந்து வயதுப் பிள்ளை. மருமகள் வாய் திறக்கவில்லை. மகன் மட்டும், “என்னை வளர்க்கத்தான் உங்களுக்கு நேரம் இல்ல. இவனையாவது விட்டுடுங்க” என்றானாம். இரவில் பணி, பகலில் உறக்கம் என்று கழிந்த ஆண்டுகளில், தம் மகன் வளர்ந்ததைத் தாம் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “அவனுக்காகத்தானே சாமி ஓடினேன்!” என்று அந்த அறுபது வயது மனிதர் என் முன்னே குலுங்கி அழுதார்.

பாருங்கள், நீர் தரையைப் பிளந்துவிட்டது! பேரன்மீது விழுந்த அடி பேரனுக்கு உரியதன்று. எட்டு மாதம் இறைக்கப்படாத துயரம், எதிரில் நின்ற எளியவன்மேல் பாய்ந்தது. பல வீடுகளில் இது குடியாகவும், சிடுசிடுப்பாகவும், நாளெல்லாம் வாய்மூடி அமர்ந்திருப்பதாகவும் வெளிப்படுகிறது.

நான் செய்த தவறு

அன்று நான் அவருக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் தந்தை பள்ளி ஆசிரியர். அவர் ஓய்வு பெற்றபோது நான் குருமடத்தில் இறையியல் மாணவன். விடுமுறைக்கு வந்தவன், திண்ணையில் வாளாவிருந்த அவரைப் பார்த்து, “இனிமேல் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே, அப்பா” என்றேன். அவர் புன்னகைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி மணி அடிக்கும் வேளைகளில் அவர் தலை தானே நிமிர்வதை நான் கண்டிருக்கிறேன். “என்னப்பா நினைத்தீர்கள்?” என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை. இன்று கேட்பதற்கு அவர் இல்லை.

ஜெபம் நல்ல மருந்து. ஆனால் நோயாளியின் வாயை அடைப்பதற்கு அதைப் பயன்படுத்தினால், அது மருத்துவம் ஆகாது. திருப்பாடல்களில் எத்தனை புலம்பல், எத்தனை முறையீடு! அவற்றை நம் செபமாகவே திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. இறைவன் முன் அழலாம் என்றால், மனைவி மக்கள் முன் அழக்கூடாதா?

மண் ஆறும் முறை

அடுத்த முறை அவர் வந்தபோது, நிலக்கரி எடுத்த பள்ளத்தை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு டன் நிலக்கரிக்காக ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறதாம். பின்னர் அந்த மண்ணைக் கொண்டே பள்ளத்தை நிரப்புகிறார்கள். (நிலம் கொடுத்த கிராமங்களின் வலி தனியே பேச வேண்டிய ஒன்று, அதை நான் மறக்கவில்லை.) ஆனால் ஆழத்திலிருந்து வந்த மண்ணில் சத்து இராது. உடனே விதைத்தால் விளையாது. சமன்படுத்தி, எருவிட்டு, பசுந்தாள் பயிர் விதைத்து, அதை விற்பனைக்கு அறுக்காமல் மண்ணுக்குள்ளேயே மடக்கி உழுது, சில பருவங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

ஓய்வின் முதல் ஆண்டும் அத்தகையதே. ‘இனி என்ன சம்பாதிப்பது, எந்தப் பதவியைப் பிடிப்பது’ என்று உடனே விதைக்கத் துடிக்காதீர்கள். அவ்வாண்டை மண் ஆறுவதற்கு விட்டுவிடுங்கள். அதற்குச் சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பெரிய முடிவுகளை ஒத்திப் போடுங்கள். சேமநிதிப் பணம் வந்த செய்தி உறவினர் காதுக்கு வெகு விரைவில் எட்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்காத நேரத்தைப் பணமாகக் கொடுத்து ஈடுசெய்ய நினைத்து, இருப்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடும் தந்தையர் உண்டு. பேணிக் காப்பதாக நிபந்தனை பெற்று எழுதிக் கொடுத்த சொத்தை, பேணாதபோது திரும்பப் பெறுவதற்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் வழி செய்துள்ளது. ஆனால் தந்தையும் மகனும் அந்த வாசலில் சந்திக்க நேராமல் காப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, உள்ளே கிடப்பதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். கிடைக்காத பதவி உயர்வு, கண்ணெதிரே விபத்தில் மாண்ட தோழன், மேலதிகாரி சொன்ன ஒரு சுடுசொல் ஆகியவை இருபது ஆண்டு சென்றும் ஆறாமல் கிடக்கும். ஒருநாளில் இறைத்து முடிவதில்லை இது. நாள்தோறும் சிறிது சிறிதாக இறைக்க வேண்டும்.

மூன்றாவது, மனைவியை எண்ணிப் பாருங்கள். அவருக்கு மாலை சூட்டி ஓய்வு கொடுத்தவர் யார்? அதிகாலையில் உமக்குச் சோறு கட்டியவர், இரவுப் பணி முடிந்து நீர் உறங்கும்போது பிள்ளைகளைச் சத்தமிடாமல் காத்தவர் அவரன்றோ! சுரங்கத்தில் மேற்பார்வை செய்தவர் சிலர், ஓய்வு பெற்றபின் அடுக்களையில் மேற்பார்வை செய்யத் தொடங்குகிறார்கள். குழம்புக்கு எத்தனை மிளகாய் என்று கணக்குக் கேட்கிறார்கள். அருள்கூர்ந்து அங்கே அதிகாரியாக அன்று, பயிலுநராக நுழையுங்கள்.

நான்காவது, பதவி இல்லாத பணி ஒன்றைத் தேடுங்கள். எங்கள் பங்குப் பேரவைக்கு வரும் ஓய்வு பெற்ற பெரியோருள் சிலர் ஆலயத்தையும் தம் பழைய பிரிவாகவே கருதிவிடுகிறார்கள்! நோயாளிக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்லவும், முதியோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், வின்சென்ட் தே பவுல் சபையாரோடு வீடு சந்திக்கவும் ஆள் தேவை. அப்பணிகளுக்கு நாற்காலி கிடையாது. ஆதலால் அவை மனத்துக்கு மருந்தாகின்றன.

ஐந்தாவது, உறக்கமும் உணவும் இரண்டு வாரத்திற்கு மேலாகக் குறைந்து, வாழ்வே வெறுத்துப்போகுமானால், அதை மனத்தின் பலவீனம் என்று மறைக்க வேண்டாம். தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும் அரசின் இலவசத் தொலைபேசிச் சேவைகள் உண்டு.

விடைபெறும் கலை

இதைப் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. பங்குக் குருவும் 75 வயது நிறைந்ததும் ஆயரிடம் தம் பணித்துறப்பைச் சமர்ப்பிக்குமாறு திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. 2013-இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் தாமே பதவியைத் துறந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் மறைவான செப வாழ்வில் கழித்தார். 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ‘விடைபெறக் கற்றுக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் தலைப்பில் மடல் ஒன்று வெளியிட்டார். பொறுப்பிலிருந்து விலகுவோர் உள்ளத்தளவில் முன்னரே ஆயத்தமாக வேண்டும் என்பது அதன் சாரம். நானும் அந்நாளை நோக்கித்தான் நடக்கிறேன். பங்கு இல்லத்தின் சாவியை மற்றொருவர் கையில் கொடுக்கும்போது என் கை நடுங்காது என்று என்னால் உறுதி கூற இயலாது.

நம் ஊரையே பாருங்கள். 1962-இல் எரியத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் உலைகள் 2020-இல் ஓய்ந்துவிட்டன. ஆனால் அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், 1867-இல், வள்ளலார் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வருவோர்க்கு அங்கே நாள்தோறும் சோறு கிடைக்கிறது. உலையின் வெப்பம் ஓயும் காலம் எவருக்கும் வரும். ஒருவர் பசியாற எரியும் சிறு நெருப்புக்கு ஓய்வு வயது கிடையாது. அண்டை வீட்டாராகிய நாமும் கற்க வேண்டிய பாடம் அது.

அப்பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இப்போதும் அவர் நாலரை மணிக்கே எழுகிறார். மனைவிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறார். முதல்நாள் அதை வாயில் வைக்க முடியவில்லை என்று அந்த அம்மையார் என்னிடம் சொல்லிச் சிரித்தார். பேரனிடம் மன்னிப்புக் கேட்டார். பின் மகனை அழைத்து, “உன் சின்ன வயசுல நான் கூட இல்ல. அது எனக்கும் நஷ்டம்தாம்பா” என்றார். மகன் பதில் கூறவில்லை. நான்கு நாள் கழித்து, “அப்பா, நாளைக்கு இவனை ஸ்கூலுக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டானாம்.

“அவன் மன்னிச்சுட்டான்னு அர்த்தமா, சாமி?” என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

“எனக்குத் தெரியாது, ஐயா. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்றேன்.

குடும்பத்தாரே, உங்கள் இல்லத்திலும் ஓய்வு பெற்ற தந்தை, தாய், மாமனார், மாமியார் இருக்கக்கூடும். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் அவர் அருகே அமர்ந்து, அவர் வேலை செய்த காலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். நான் என் தந்தைக்குச் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.