வட்டு இயக்கியின் விலை

கன்சோலை நட்டத்திற்கு விற்று விளையாட்டுகளில் ஈட்டுகிறார்கள் என்பது நம் பொருளியல் வகுப்புகளின் நிரந்தர எடுத்துக்காட்டு. ரோஷேவும் திரோலும் 2003இல் எழுதிய இருபக்கச் சந்தைக் கட்டுரையைக் கற்பிக்கும் பலரும் இன்றும் அதையே ஒப்பிக்கிறோம். அந்தப் பாடம் காலாவதியாகிவிட்டது.

பிளேஸ்டேஷன் 2, அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2002இல் 199. பிளேஸ்டேஷன் 5, 2020இல் 499 டாலர், 2025இல் 549. (சென்ட்டுகளை விட்டுவிடுகிறேன்.) இந்தியாவில் 2021இல் 49,990 ரூபாய்க்கு வந்தது, மறு ஆண்டே 54,990 ஆனது. சில்லுகளின் அடக்கவிலை முன்போல் சரிவதில்லை, நாணய மதிப்பு மாறுகிறது, சுங்கவரி ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வட்டு இயக்கியுள்ள மாதிரி இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்று 2021இலேயே சோனி கூறிவிட்ட பிறகும் 'மானியம்' என்று எழுதுவது ஆய்வாகாது.

என் வழக்கு விலையோடு அன்று, வட்டு இயக்கியோடு. 2020இல் அது இல்லாத மாதிரி 100 டாலர் மலிவு. பழைய வட்டை வாங்கவும் விற்கவும் இரவல் தரவும் உள்ள உரிமையைக் கைவிடுவதற்கான ஈட்டுத்தொகை என்றே அதைக் கொள்ள வேண்டும். 2023இன் மெலிந்த மாதிரியில் அது 50 டாலராகச் சுருங்கியது. 2024இல் வந்தபோது புரோ 699 டாலர், இயக்கியே கிடையாது. வேண்டுமானால் தனியாக 79 டாலர். உரிமையைக் கைவிடுவதற்குத் தந்த தொகை, அதை வைத்துக்கொள்வதற்கான கட்டணமாகிவிட்டது! 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் பழைய வட்டுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க முனைந்தபோது, ஒருவர் மற்றவர் கையில் வட்டைக் கொடுக்கும் குறும்படம் வெளியிட்டு எள்ளிய அதே நிறுவனம் இது.

தில்லி பாலிகா பஜாரின் பழைய வட்டுக் கடைக்காரர் இருபக்கச் சந்தையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? ஆடி முடித்த வட்டைக் கொடுத்து, சிறு தொகை சேர்த்து வேறொன்றை வாங்கிச் செல்லும் மாணவருக்கு அவரே சந்தை. வட்டு ஒழிந்தால் எஞ்சுவது நிறுவனத்தின் சொந்த இணையக் கடை ஒன்றே. பொதுவாக விற்பனையில் 30 விழுக்காடு அதற்கு. அங்கே தள்ளுபடி எப்போது என்பதையும் அதுவே தீர்மானிக்கும்.

பெரும்பாலோர் ஏற்கெனவே தரவிறக்கத்தையே விரும்புகிறார்கள் என்பார்கள். உண்மைதான். விருப்பமுள்ளவர் தரவிறக்கட்டும், அதற்காக மற்றவரிடம் 79 டாலர் வசூலிப்பானேன்?